வைத்திய ஆராய்ச்சியாளர் சுப்பாராவ்

திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலை நோக்கி நீண்டு நிற்கும் குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயிலைத் தாங்கியிருப்பது நம் ஊராகிய மணப்பாடு. முத்துக்குளித்துறை என்று பன்னெடுங்காலமாகப் பெயர் பெற்ற கரையிலே அஃது அமைந்துள்ளது. அரசினர் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டபோதிலும், முத்து விளையும் வகையை இக்கரையிலுள்ளோர் இன்னும் மறந்தாரல்லர். சிப்பியின் மெல்லுடலில் புகுந்த ஏதோ ஒரு சிறு பொருளைச் சுற்றி, சிப்பி தன் ஒளிப்பூச்சை அடுக்கடுக்காக இடுகின்றது. அடுக்கின்மேல் அடுக்கு ஏற முத்துப் பருக்கின்றது. எத்துணைப் பருத்தாலும் முத்து ஒரு நாளும் இரண்டாவதில்லை.

முத்தைப் போலவே உருண்டை வடிவுடையதாய், ஆனால் கண்ணுக்குப் புலனாகாததாய், தானே வளர்ந்து தானே இரண்டாகும் பொருள் ஒன்று உலகில் உண்டு. அதுவே காக்கஸ் என்னும் உருண்டைக் கிருமி. ஆயிரம் கிருமிகளை வரிசையாக வைத்தாலும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளமே ஆகும். இத்தகைய கிருமி ஒன்று இரண்டாவதற்கு இன்றியமையாத உணவு யாது என்னும் சிறு வினாவிலிருந்து, மனிதர் உயிர் காக்கும் மருந்துகள் பல பிறந்தன. அவ்வாராய்ச்சியை முன்னின்று நடத்தியவர் நம் சென்னையிலே கல்வி பயின்ற ஒருவர் என்பதைப் பலர் அறியார். டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் அப்பெரியாரின் வாழ்க்கையைச் சுருக்கமாக எடுத்துரைக்க ஈண்டு முற்படுகின்றோம்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ஆம் தேதி, அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. மக்கள் எழுவருள் இவர் நான்காமவர். குடும்பத்தில் வறுமை குடிகொண்டிருந்தது. இளமையில் இவருக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்று கருதி வீட்டை விட்டு ஓடினார். தாயார் விடாது தேடுவித்து, மைந்தனைத் திரும்பக் கொணர்ந்து பள்ளியில் சேர்த்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறிய பின், திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பள்ளியிலிருந்து மூன்றாம் முறை தேறினார். இருமுறை தோற்ற இம்மாணவரே பின்னாளில் உலகின் தலைசிறந்த ஆராய்ச்சியாளருள் ஒருவரானார் என்பது, பரீட்சை முடிவு கண்டு உள்ளம் சோர்வோர் நினைவிற் கொள்ளத் தக்கது.

சென்னை இராஜதானிக் கல்லூரியிலே பயின்ற நாளில், இவருடைய மனம் துறவறத்தை நாடிற்று. இராமகிருஷ்ண மடத்தைச் சேர விரும்பினார். தாயார் அதற்கு இசையவில்லை. துறவியாகாவிடினும் பிறர் துயர் துடைக்கும் வழி ஒன்று உண்டென்று தெளிந்து, சென்னை வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். 1919-ஆம் ஆண்டு சேஷகிரி என்னும் பெண்மணியை மணந்தார். மாமனாரின் பொருளுதவியே இவர் கல்விக்குத் துணையாயிற்று.

அக்காலம் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவிய காலம். சுப்பாராவும் கதரை மேற்கொண்டார். அறுவை அறையிலும் கதர் அங்கியையே அணிந்தார். அறுவைப் பேராசிரியராயிருந்த ஆங்கிலேயருக்கு அது பொறுக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளைச் செவ்வனே எழுதியிருந்தும், இவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் அளிக்கப்படவில்லை, அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. அதனால் அரசினர் வைத்தியப் பணி கிட்டாமற்போக, சென்னையில் டாக்டர் ஆசண்ட லக்ஷ்மீபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியரானார்.

இவ்வேளையில் இவர் குடும்பத்தைக் கொடிய நோய் ஒன்று சூழ்ந்தது. ஸ்ப்ரூ என்று மேனாட்டார் வழங்கும் அந்நோய், நம் நாட்டு வைத்தியர் கிரகணி என்று கூறும் நோய்களுள் அடங்கும். நாப்புண்ணும் ஓயாத வயிற்றுப்போக்கும் அதன் குறிகள். உண்ட உணவின் சாரத்தைக் குடல் ஏற்பதில்லை, உடல் மெலியும், இரத்தம் வெளிறும். இந்நோய்க்கு இவருடைய உடன்பிறந்தார் இருவர் சின்னாட்களுள் ஒருவர்பின் ஒருவராகப் பலியாயினர். இவரும் அந்நோய்வாய்ப்பட்டு, லக்ஷ்மீபதியின் மருத்துவத்தால் பிழைத்தெழுந்தார். தாம் கற்ற வைத்தியம் உடன்பிறந்தாரைக் காக்கவில்லை. அந்நோயின் காரணத்தைச் சொல்லவும் அதற்குத் தெரியவில்லை. இவ்வேக்கமே இவரை வாழ்நாள் முழுவதும் செலுத்திற்று என்று கூறுதல் மிகையாகாது.

காக்கிநாடாவிலிருந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்ம நிதியும் மாமனாரும் அளித்த பொருளைக் கொண்டு, 1922-ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டு சர்வகலாசாலையின் வெப்பநாட்டு வைத்தியப் பள்ளியில் சேர்ந்து, வயிற்றுப்பாட்டிற்காக ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளரின் மலசலக் கலங்களைத் துப்புரவு செய்யும் இரவுப் பணியாளாகவும் உழைத்தார். இவர் புறப்பட்ட பின் பிறந்த ஆண்மகவு, தந்தையின் முகத்தைக் காணாமலே சில மாதங்களில் மாண்டது. மனைவியாரைப் பிரிந்து வந்தவர் மீண்டும் தாய்நாட்டிற்குத் திரும்பவேயில்லை. ஆராய்ச்சிக்காக இவர் கொடுத்த விலை இது. அவ்விலையில் பெரும்பங்கு, பாரதத்திலேயே காத்திருந்த அவ்வம்மையார் செலுத்தியது என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஹார்வர்டிலே சைரஸ் ஃபிஸ்க் என்னும் ஆசிரியரோடு சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளந்தறியும் எளிய முறை ஒன்றை 1925-ஆம் ஆண்டு வெளியிட்டார். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று அது மாணவர் நூல்களில் இடம்பெற்றது. 1927-இல் தசையிலுள்ள பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருளையும், 1929-இல் ஏ.டி.பி. என்னும் பொருளையும் இவ்விருவரும் கண்டறிந்து கூறினர். ஜெர்மனியிலே லோமன் என்பவரும் அதே காலத்தில் தனித்து ஏ.டி.பி.யைக் கண்டார். கையை மடக்குவதற்கும், கிருமி தன் சுவரைக் கட்டுவதற்கும் வேண்டிய ஆற்றலை வழங்குவது இப்பொருளே. இத்துணை செய்தும் ஹார்வர்டில் இவருக்கு நிலையான பதவி வாய்க்கவில்லை. 1940-ஆம் ஆண்டு அதனை விட்டு நீங்கி, நியூயார்க் மாகாணத்திலுள்ள பேர்ல் ரிவர் என்னும் ஊரில் லெடர்லி மருந்து நிலையத்தின் ஆராய்ச்சிப் பகுதியைச் சேர்ந்து, பின்னர் அதன் தலைவரானார். பேர்ல் ரிவர் என்பதற்கு முத்தாறு என்று பொருள். முத்துக்கரையினராகிய நமக்கு அப்பெயர் இனிமை தருவதாகும்.

இனி இவர் மேற்கொண்ட வினாவிற்கு வருவோம். கர்ப்பிணிகளுக்கு உண்டாகும் ஒருவகை இரத்தக் குறைவைப் பம்பாயில் ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், ஈஸ்ட் என்னும் நொதியின் சாரம் அதனைத் தீர்ப்பதை 1931-ஆம் ஆண்டு எடுத்துக் காட்டினார். ஈரலிலும் அத்தகைய குணம் இருந்தது. ஆயினும், அச்சாரத்திலே நோயைத் தீர்க்கும் பொருள் இன்னதென்று ஒருவரும் பிரித்தறியவில்லை. ஒவ்வொரு சாரத்தையும் நோயாளிக்கோ விலங்குக்கோ கொடுத்துப் பார்ப்பதானால் வாரக்கணக்கில் காத்திருத்தல் வேண்டும். இங்கேதான் உருண்டைக் கிருமி மனிதருக்குத் துணையாக வந்தது.

கிருமி வளரும் வகையைச் சிறிது விரிப்போம். காக்கஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மணி அல்லது கனி என்பது பொருள். கோத்த மணிமாலைபோல் தொடர்ந்து நிற்பவற்றை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று பில்ரோத் 1874-இலும், திராட்சைக் கொத்துப்போல் திரண்டு நிற்பவற்றை ஸ்டாபிலோகாக்கஸ் என்று ஸ்காட்லாந்து அறுவை வைத்தியர் ஆக்ஸ்டன் 1882-இலும் பெயரிட்டழைத்தனர். மாலையாவதும் கொத்தாவதும் கிருமி பிரியும் திசையைப் பொறுத்தவை. மாலை வகைக் கிருமியின் இடையைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று உண்டு. புதிய சுவர் அவ்விடத்திலேயே நெய்யப்படுகின்றது. நெய்ய நெய்ய வளையம் இரண்டாகி ஒன்றைவிட்டு ஒன்று விலகும்; பழைய அரைக்கோளங்கள் இரு புறமும் தள்ளப்படும்; உருண்டையாயிருந்த கிருமி முட்டை வடிவாக நீளும். பின்னர் இடைச்சுவர் சுற்றிலுமிருந்து உள்நோக்கி வளர்ந்து நடுவிலே கூடும். அது பிளந்தவுடன் கிருமி இரண்டாகின்றது. ஒவ்வொரு சேயும் பாதி பழைய சுவரும் பாதி புதிய சுவரும் உடையது. முத்து தன் புறத்தே அடுக்கேற்றி வளர, கிருமி தன் நடுவிலிருந்து வளர்கின்றது.

அடுத்த முறையும் அதே திசையிலே குறுக்குச் சுவர் எழுவதால், சேய்கள் பிரிந்து போகாவிடின் மாலை உண்டாகும். ஸ்டாபிலோகாக்கஸோ ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் முறைமாறிப் பிரிகின்றது, அதனால் கொத்தாகின்றது. இக்கிருமியும் பிரியுமுன் சிறிதே நீள்கின்றது. அதன் சேய்கள் விலகும் கணம் இமைப்பொழுதினும் மிகக் குறுகியது என்பது பிற்காலத்து ஆராய்ச்சியால் தெரிய வந்தது. நல்ல உணவும் தக்க சூடும் வாய்த்து அரைமணிக்கு ஒருமுறை பிரியும் கிருமி ஒன்று, பத்து மணி நேரத்தில் 10,48,576 கிருமிகளாகும்.

ஆயினும் சுவர் வளர்ந்துவிட்டால் மட்டும் பிரிவு நிகழாது. கிருமியின் இயல்பையெல்லாம் தன்னுட்கொண்டுள்ள டி.என்.ஏ. என்னும் இழை முதலில் இரட்டிக்க வேண்டும். சேய் ஒன்றுக்கு ஒரு பிரதி வேண்டுமன்றோ? அவ்விழையை ஆக்கும் பொருள்களுள் ஒன்று தைமின். அதனை ஆக்குவதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. சில மாலைக் கிருமிகள் அவ்வமிலத்தைத் தாமே செய்துகொள்ள வல்லவையல்ல. அக்காலத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்று வழங்கிய கிருமி அவற்றுள் ஒன்று. இன்று அதனை எண்டரோகாக்கஸ் இனத்துள் வைத்துள்ளனர். தேவையான மற்றெல்லா உணவையும் இட்டு, ஃபோலிக் அமிலம் ஒன்றை மட்டும் விலக்கிய நீரில் இக்கிருமியைச் சேர்த்தால் நீர் தெளிந்தே நிற்கும். அமிலம் சிறிது கலந்த சாரத்தைத் துளித்தால் ஒரு நாளுக்குள் நீர் கலங்கும். கலக்கத்தை அளந்தால் அமிலத்தின் அளவு விளங்கும். டெக்ஸாஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் என்போர் இவ்வகைக் கிருமியைக் கருவியாகக் கொண்டே, நான்கு டன் கீரையிலிருந்து இவ்வமிலத்தைத் திரட்டி, இலை என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லால் 1941-இல் அதற்குப் பெயரிட்டனர். தைமின் முதலியவற்றை நேரே ஊட்டினால் அமிலமின்றியும் இக்கிருமி வளரும் என்பதும் 1944-இல் அறியப்பட்டது.

லெடர்லி நிலையத்தில் சுப்பாராவின் தலைமையின்கீழ் ஸ்டோக்ஸ்டாட் முதலானோர் ஈரலிலிருந்து அவ்வமிலத்தைத் தூயதாகப் பிரித்தெடுத்தனர். நொதித்த சாரம் ஒன்றிலிருந்து வேறொரு பொருளும் கிடைத்தது. அதனை லாக்டோபாசில்லஸ் என்னும் கோல்வடிவக் கிருமி விரும்பி ஏற்றது. மாலைக் கிருமியோ பெரும்பாலும் ஏற்கவில்லை. இவ்விரு கிருமிகளின் கருத்து வேற்றுமையே வேதியியலார்க்கு வழிகாட்டியாயிற்று. ஈரற்பொருளில் குளூட்டமிக் அமிலம் ஒன்றும், மற்றதில் மூன்றும் கோக்கப்பட்டிருந்தமை பின்பு விளங்கிற்று. 1945-ஆம் ஆண்டு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகவே ஆக்கிய செய்தியை வெளியிட்டனர். அக்கட்டுரையில் காணும் பெயர்கள் பதினாறு. சுப்பாராவின் பெயர் அவற்றுள் ஏழாவது. தலைவராயிருந்தும் தம் பெயரை முன்னிறுத்தாத அன்னாரின் பண்பிற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

கிருமிக்கும் மனிதனுக்கும் இதிலே என்ன உறவு என்று கேட்கலாம். நம் எலும்பு மஜ்ஜையில் இடையறாது பிரிந்துகொண்டிருக்கும் உயிரணுக்களிலிருந்தே இரத்தத்தின் செவ்வணுக்கள் பிறக்கின்றன. ஃபோலிக் அமிலம் குறைந்தால் அங்கும் டி.என்.ஏ. இழை உரிய காலத்தில் இரட்டிப்பதில்லை. அணு பருக்கின்றது; ஆனால் பிரிய இயலாது தவிக்கின்றது. ஆகவே அணுக்கள் அளவிற் பெரியனவாயும் எண்ணிக்கையிற் குறைந்தனவாயும் ஆகின்றன, நோயாளி வெளிறுகின்றான். வளர்தல் வேறு, பிரிதல் வேறு என்னும் உண்மை இங்கே கண்கூடாகின்றது. டாம் ஸ்பைஸ் என்னும் மருத்துவர் இப்புதிய அமிலத்தை அத்தகைய நோயாளருக்கும் ஸ்ப்ரூ நோயாளருக்கும் கொடுத்து, அவர் இரத்தம் தேறுவதைக் கண்டார். எல்லா இரத்தக் குறைவிற்கும் அஃது ஏற்றதன்று என்பதையும் கூறல் வேண்டும். பி-12 என்னும் விட்டமின் குறைவால் வரும் நோயில் ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறினும் நரம்புகள் கெடும்.

பிரிவதற்கு உதவும் பொருளை அறிந்தவர், பிரிவைத் தடுக்கும் பொருளையும் நாடினார். ஃபோலிக் அமிலத்தைப் போலத் தோன்றி, அதன் இடத்தைக் கவர்ந்து, அதன் தொழிலைச் செய்யாதிருக்கும் அமினோப்டெரின் என்னும் மருந்து லெடர்லியில் ஆக்கப்பட்டது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதனை வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காது பெருகும் இரத்தப் புற்றுநோயால் வருந்திய குழந்தைகளுக்கு அளித்தார். 1948-இல் வெளிவந்த அவருடைய அறிக்கையின்படி, பதினாறு குழந்தைகளுள் பத்துப் பேர் சிறிது காலமேனும் தேறினர். அந்நோய்க்கு எவ்வித மருந்தும் இல்லாதிருந்த நாளில் அதுவே பெரும் விடியலாயிற்று. அம்மருந்தின் உடன்பிறப்பாகிய மெதோட்ரெக்ஸேட் இன்றும் வழக்கிலுள்ளது.

அதே நிலையத்தில் டக்கர் என்னும் முதிய தாவர நூலறிஞர், மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பொன்னிறமான மருந்தைக் கண்டார். ஆரியோமைசின் என்னும் அது 1948-இல் வழக்கத்திற்கு வந்தது. பென்சிலின் கிருமியின் சுவர் நெய்தலைக் கெடுக்கும். ஆரியோமைசினோ கிருமி தனக்கு வேண்டிய புரதங்களை ஆக்கவொட்டாது தடுத்து, அதன் வளர்ச்சியையே நிறுத்தும். டெட்ராசைக்ளின் என்னும் மருந்துக் குடும்பத்திற்கு இதுவே மூத்தது. யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரஸான் என்னும் மருந்தும் சுப்பாராவின் கூட்டத்தாரால் 1947-இல் வெளியிடப்பட்டதே. அது பின்னாளில் தமிழகத்து மாவட்டங்கள் பலவற்றில் வீடுதோறும் வழங்கப்பட்டது.

ஓய்வறியாது உழைத்த சுப்பாராவ் 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஐம்பத்து மூன்றாம் வயதில், இருதய நோயால் உறக்கத்திலே உயிர் நீத்தார். இந்தியா விடுதலை பெற்று அப்போது ஓராண்டு நிறையவில்லை. கால் நூற்றாண்டு அமெரிக்காவில் வாழ்ந்தும் அந்நாட்டுக் குடியுரிமையை அவர் பெறவில்லை. காளான் வகை ஒன்றிற்கு இவர் நினைவாகச் சுப்பாரோமைசிஸ் என்று அறிஞர் பெயரிட்டனர். 1995-ஆம் ஆண்டு நூற்றாண்டு விழாவின்போது இந்திய அரசினர் இவருக்குத் தபால் தலை வெளியிட்டனர். எனினும் இவர் மருந்துகளை உட்கொள்வோருள் இவர் பெயரறிந்தார் மிகச் சிலரே.

இவர் வாழ்வில் நம் நெஞ்சை மிகவும் உருக்குவது ஒன்றுண்டு. வெப்பநாடுகளில் காணும் ஸ்ப்ரூ நோய்க்கு இன்று மருத்துவர் தரும் மருந்துகள் இரண்டு. குடலில் மிகுந்து பெருகும் கிருமிகளை அடக்க டெட்ராசைக்ளின். நோயாளியின் அணுக்கள் மீண்டும் செவ்வனே பிரிய ஃபோலிக் அமிலம். ஒன்று பிரிதலை ஒடுக்குவது. மற்றது பிரிதலை ஊக்குவது. இரண்டும் சுப்பாராவின் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து உலகிற்கு வந்த வழியினவே. தம் உடன்பிறந்தாரைக் கொண்டுபோன நோய்க்கு, அவர்களைக் காக்க முடியாத காலத்திற்குப் பின், பிறருடைய உடன்பிறந்தாரைக் காக்கும் விடையை அவர் தேடி வைத்துச் சென்றார்.

மாணவ நண்பர்களே, இன்று தமிழகத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு அளிக்கும் இரும்புச் சத்து மாத்திரையோடு ஃபோலிக் அமிலமும் சேர்ந்தே வருகின்றது. மணப்பாட்டிலும் அதுபோன்ற கடற்கரை ஊர்களிலும் கருவுற்ற தாயொருத்தி அதனை உட்கொள்ளும்போது, தாயின் இரத்தம் நலம் பெறுகின்றது. கீரையும் பயறும் ஈரலும் அச்சத்தை இயற்கையாகவே தரும் என்பதையும் நம் வீட்டார்க்கு எடுத்துச் சொல்லுதல் நம் கடமை. கல்லூரியின் ஆய்வுக்கூடத்திலே நுண்காட்டியில் கண் பதிக்கும் நாளில், மாலையாகக் கிடக்கும் அச்சிறு உருண்டைகளைப் பரீட்சைக்கு வரைந்து காட்டவேண்டிய உருவம் என்று மட்டும் கருதாது, அது எதனால் வளர்கின்றது, எதனால் பிரிகின்றது, எது இல்லாவிடின் நின்றுவிடுகின்றது என்று வினவிப் பார்ப்போமாக. அவ்வினாவை விடாது பற்றியவர், பள்ளித் தேர்வில் இருமுறை தவறிய ஓர் ஏழை மாணவரே.